கை காட்டினால் குழந்தை எங்கே பார்க்கிறது?

எதிர்வீட்டுச் சுவரில் காக்கா உட்கார்ந்திருக்கிறது. "அங்க பாரு, காக்கா!" என்று அம்மா கை நீட்டுகிறார். ஒன்றரை வயதுக் குழந்தை பெரும்பாலும் காக்காவைத் தேடிப் பார்க்கும். சில குழந்தைகள் அம்மாவின் விரலையே பார்க்கும், சில திரும்பவே திரும்பாது. பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சி வித்தியாசமான ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சோதனை தேடுவது இந்த மாதிரி அறிகுறிகளைத்தான். ஆட்டிசத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது.

பரவலாகப் பயன்படும் எம்-சாட் படிவம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி 20 கேள்விகள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, பிடித்த பொருளைக் கொண்டுவந்து காட்டுகிறதா, காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது சந்தேகப்பட்டீர்களா என்று போகும். சந்தேகம் தரும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 2 வரை என்றால் கவலை குறைவு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். 3 முதல் 7 வரை வந்தால், சந்தேகம் தந்த பதில்களை விரிவாகக் கேட்டறியும் இரண்டாம் கட்டம் உண்டு. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

உதாரணமாக, "கை காட்டினால் பார்க்காது" என்று அம்மா சொல்லியிருக்கிறார். "சரி, பின்னே என்ன செய்யும்?" என்று சோதனை செய்யும் பணியாளர் கேட்க வேண்டும். "நான் 'பாரு'ன்னு சொன்னா பார்ப்பான்" என்றால் அந்தக் கேள்வியில் குழந்தை தேறிவிடுகிறது. "என் விரலைத்தான் பார்ப்பான்" என்றால் இல்லை. அமெரிக்காவில் சுமார் 16,000 குழந்தைகளிடம் இந்தப் படிவத்தை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. இரண்டு கட்டத்திலும் சந்தேகம் நீங்காத குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. சுமார் 95% பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய குறையோ இருந்தது.

ஆனால் அதே நாட்டின் பிலடெல்பியா நகரில் சுமார் 26,000 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி. 91% குழந்தைகளுக்குச் சோதனை நடந்திருந்தது. பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களில் 10க்கு 4 பேரைக்கூட அது முன்கூட்டிக் காட்டவில்லை. இரண்டாம் கட்டக் கேள்விகள் தேவைப்பட்ட எல்லாரிடமும் கேட்கப்படவில்லை. வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம் துல்லியம் இன்னும் குறைவு.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து வளர்ச்சித் தாமதங்களையும் பார்க்கிறது. அங்கே சந்தேகம் வந்தால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அந்தப் பயணம் வீணாகாமல் இருக்க, "பின்னே என்ன செய்யும்?" என்ற கேள்வியை ஊரிலேயே பொறுமையாகக் கேட்டுவிடுவது அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். சந்தேகம் தீரவில்லை என்றால், "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. காது கேட்கும் திறனையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

அப்புறம், நிபுணர் கிடைக்காவிட்டால் எதுவுமே செய்ய முடியாது என்பதும் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்கே போய், ஆட்டிசம் உள்ள குழந்தை காட்டும் சின்னச் சின்ன சமிக்ஞைகளுக்கு எப்படிப் பதில் தருவது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் தாமாகவே முன்வந்து பெற்றோரோடு பேசவும் பழகவும் முயல்வது கூடியது.