ஒரே பெயர், வேறு ஆள்: நூலகப் பட்டியலில் எழுத்தாளர்களைப் பிரித்தறிவது

நூலகக் கணினியில் 'சிவராம், த.' என்று தட்டினால் யார் வரவேண்டும்? திருகோணமலையில் கேட்டால், இலக்கியம் வாசிக்கிறவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: நம்முடைய தருமு சிவராம். 1939 இல் இங்கே பிறந்து, தமிழ்நாட்டுக்குப் போய், பிரமிள் என்று பெயரெடுத்து 1997 இல் மறைந்தவர். அதே கேள்வியை மட்டக்களப்பில் கேளுங்கள், வேறு பதில் வரும். அங்கே சிவராம் என்றால் தர்மரத்தினம் சிவராம். 1959 இல் பிறந்து, 'தராக்கி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் அரசியல், இராணுவ ஆய்வுகள் எழுதி, 2005 இல் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர். இருவருக்கும் தமிழ் முதலெழுத்து 'த.' தான். பட்டியலாக்குபவர் கொஞ்சம் அசந்தால் கவிதைத் தொகுதியும் போர்க்கால ஆய்வும் ஒரே ஆளின் கணக்கில் ஏறிவிடும். அடுத்த வருடம் ஒரு பல்கலைக்கழக மாணவர் அதைப் பார்த்து, 'கவிஞராகத் தொடங்கி இராணுவ ஆய்வாளராக மாறியவர்' என்று ஆய்வேட்டில் எழுதுவார். குற்றம் அவருடையது அல்ல.

திருகோணமலையில் நூல்களைப் பட்டியலாக்குவது என் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ ஒட்டுத்தாள் ஒட்டுகிற வேலை போலத் தெரியும். உண்மையில் பொழுதின் பெரும்பகுதி 'இவர் யார்?' என்பதில்தான் கழிகிறது. ஒருவர் எழுதியதெல்லாம் ஓரிடத்தில் வரவேண்டும். இன்னொருவர் எழுதியது அதற்குள் வரக்கூடாது. சொல்ல இவ்வளவுதான்.

தமிழ்ப் பெயரில் இது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது? நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரில் முதலெழுத்தை எடுத்துக்கொண்டு நம்முடைய பெயரைச் சொல்கிறோம். ஒரு தலைமுறையில் பிள்ளைகளுக்குப் பிடித்த பெயர்கள் என்று ஒரு கைப்பிடிதான் இருக்கும். வேலுப்பிள்ளை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'யாழ்ப்பாண வைபவ கௌமுதி' எழுதிய ஆசுகவி கல்லடி க. வேலுப்பிள்ளை (1860–1944) ஒருவர். மலையகத்துச் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) இன்னொருவர். சாசனங்களை ஆராய்ந்த பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை (1936–2015) மூன்றாமவர். பெயரறிந்த இந்த மூவரையும் யாரும் குழப்பமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். அட்டையில் வெறுமனே 'வேலுப்பிள்ளை' என்று போட்ட ஒரு பழைய பிரதி நன்கொடைப் பெட்டியில் வரும்போது தெரியும் சங்கதி.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் முதலெழுத்து ஆங்கில முதலெழுத்தைவிடப் பிரித்துக்காட்டும் வலு கூடியது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி என்று எழுதும்போது 'க.' வேறு, 'கா.' வேறு. ஆங்கிலத்துக்குப் போனால் இரண்டும் 'கே.' ஆகிவிடும். சபாபதியின் மகனும் சிவசம்புவின் மகனும் சுப்பிரமணியத்தின் மகனும் ஒரே 'எஸ்.' என்ற குடைக்குள் வந்துவிடுவார்கள். ஆகவே தலைப்புப் பக்கத்தில் தமிழில் என்ன இருக்கிறதோ அதைத் தமிழிலேயே பதிய வேண்டும். சில பாடசாலை நூலகங்களில் தமிழ்ப் புத்தகத்தின் ஆசிரியரை ஆங்கிலத்தில் மட்டும் தட்டி வைத்திருக்கிறார்கள். அது வசதியாக இருக்கலாம், ஆனால் கையில் இருந்த சாட்சியை நாமே அழிக்கிற வேலை. மூதூரின் வ.அ. இராசரத்தினத்தையே (1925–2001) பாருங்கள். அவரை ஆங்கில எழுத்தில் தேடப் போனால் 'ராஜ' என்று தொடங்குவதா, 'ராச' என்பதா, முன்னால் ஓர் 'இ' வருமா என்று பல வழி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் அந்த 'இ' கட்டாயம் வரும். இங்கே யாரும் அதைப் போட்டுத் தேடமாட்டார்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் எழுத்தாளர்களின் பெயர்களில் நெருக்கடி இன்னும் கூட. 'எம்.' என்ற எழுத்து அநேகமாக முகம்மதுவைக் குறிக்கும், மகனுக்கும் அதுவே, தகப்பனுக்கும் அதுவே. இரண்டு 'எம்.' போட்ட ஒரே பெயர்க்காரர்கள் ஒரே ஊரில் ஒரே காலத்தில் எழுதிக்கொண்டிருப்பது அதிசயமில்லை. அப்புறம் முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று எழுத்து மாறிக்கொண்டே போகும். பலர் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள், நல்ல வழிதான். ஆனால் 'திருமலை' என்று போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடல் கடந்து போனால் அது திருப்பதி மலையாகிவிடும். பதிப்பு விவரத்தில் ஓரிடத்திலாவது திருகோணமலை, இலங்கை என்று முழுதாக இருக்கட்டும். மோகனாங்கி (1895) எழுதிய நம்மூர்ச் சரவணமுத்துப்பிள்ளையும் அவருடைய அண்ணன் கனகசுந்தரம்பிள்ளையும் 'தி.த.' என்று போட்டார்கள். அதில் 'தி.' ஊர், 'த.' தகப்பன். ஆறுமுக நாவலருக்குப் பாடம் சொன்ன நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமிருந்து நம்மவரைப் பிரித்துக்காட்ட அந்த ஒற்றை எழுத்துப் போதும்.

இதெல்லாம் கணினிக் காலத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எட்டுத்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இதே தலையிடிதான். அவர்கள் என்ன செய்தார்கள்? 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று ஊரும் தகப்பனும் சேர்த்தார்கள். 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்று ஊரும் தொழிலும் சேர்த்தார்கள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று கிழார்களை ஊரால் பிரித்தார்கள். பெயரே தெரியாதவருக்குப் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப் பெயனீரார் என்றார்கள். இன்று உலக நூலகங்கள் பின்பற்றும் விதிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன: பிறப்பு, இறப்பு ஆண்டு போடு, இல்லாவிட்டால் விரிந்த பெயர், அதுவும் இல்லாவிட்டால் தொழில் அல்லது துறை. அப்படியிருந்தும் கபிலர்கள் இன்றைக்கும் கலந்துதான் கிடக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டுக் கபிலரும் பதினோராந் திருமுறையின் கபிலதேவ நாயனாரும் ஒரே தலைப்பின் கீழ் வரும் பட்டியல்கள் உண்டு. அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் அப்படியே. ஆய்வாளர்கள் இவர்களை வெவ்வேறு காலத்தவர் என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். பட்டியல்கள்தான் இன்னும் பின்னால் நிற்கின்றன.

சரி, மேசையில் என்ன நடக்கிறது? அண்மையில் ஒரு பெட்டியில் இரண்டு மெல்லிய புத்தகங்கள் வந்தன. ஒன்று தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், மற்றது கவிதைகள். இரண்டிலும் ஒரே முதலெழுத்து, ஒரே பெயர், அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். இரண்டும் திருகோணமலையில் அச்சானவை. ஆசிரியர் ஒருவர் கவிதையும் எழுதுவது இந்த ஊரில் புதினமா என்ன, ஒன்றாக்கிவிடலாம் என்றுதான் கை போகும். தலைப்புப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி மட்டும். கவிதைப் புத்தகத்தின் என்னுரையில், கடைசிப் பத்தியில், 'என் கணவருக்கும்' என்று ஒரு நன்றி. வினாத்தாள் புத்தகத்தின் பின்னட்டையில் மீசை வைத்த ஒருவரின் கடவுச்சீட்டு அளவுப் படம். விஷயம் முடிந்தது. இரண்டு ஆட்கள்.

ஆகவே நான் புத்தகத்தைப் பின்னாலிருந்து பார்க்கத் தொடங்குவேன். பின்னட்டை, 'ஆசிரியரின் பிற நூல்கள்' பட்டியல், என்னுரை, அணிந்துரை, சமர்ப்பணம், கடைசியாகத்தான் தலைப்புப் பக்கம். அணிந்துரை எழுதுகிற ஓய்வுபெற்ற அதிபர்கள் எங்களுக்குப் பெரிய உபகாரிகள். 'என்னிடம் உயர்தரம் படித்தவர்' என்று ஆண்டோடு எழுதிவிடுவார்கள். புத்தகத்துக்கு வெளியே என்றால், ஈழத்து நூல்களைப் பட்டியலிடும் என். செல்வராஜாவின் 'நூல் தேட்டம்' தொகுதிகளும் நூலக நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள ஆளுமைப் பக்கங்களும் முதலில் பார்க்க வேண்டியவை. அந்த ஆளுமைப் பக்கங்கள் பலவற்றில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். ஈழத்து எழுத்தாளரைப் பிரிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. வியாஃப் என்ற பன்னாட்டுப் பெயர்க் கோப்பும் உதவும். ஆனால் அது பல நாட்டு நூலகங்களின் பதிவுகளைக் கணினியால் பொருத்துவது, தமிழ்ப் பெயரில் வழுக்குவது உண்டு. அது சொல்வதைத் துப்பாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்கக்கூடாது.

கண்டுபிடித்ததை எழுதி வைக்க வேண்டும். 'ஒதோரிட்டி ஃபைல்' என்று நாங்கள் சொல்லும் பெயர்ப் பதிவில் ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு கட்டம், அதாவது ஒரு புலம், உண்டு. 400 ஆம் புலம் ஒருவரின் மற்றப் பெயர் வடிவங்களுக்கு. 670 ஆம் புலம் இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்பதற்கு. பலர் 670 ஐ வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். எனக்கோ பதிவு முழுவதிலும் அதுதான் முக்கியம். 'என்னுரை, பக்கம் 6: கணவருக்கு நன்றி' என்ற ஒரு வரி அங்கே இருந்தால், எனக்குப் பின்னால் வருகிறவர் அந்த இருவரையும் மறுபடி ஒன்றாக்கமாட்டார்.

சந்தேகம் தீராவிட்டால்? சேர்க்காதீர்கள். கோஹா போன்ற நூலக மென்பொருளில் இரண்டு பெயர்ப் பதிவுகளை ஒன்றாக்குவது மிகவும் லேசு, நூல்கள் எல்லாம் தானாகவே புதிய பதிவுக்கு மாறிவிடும். பிரிப்பது அப்படியல்ல. ஒவ்வொரு நூலையும் அலுமாரியிலிருந்து எடுத்து, திறந்து, இது யாருடையது என்று மறுபடி பார்க்க வேண்டும். சோற்றில் கலந்த உப்பைத் திருப்பி எடுக்கிற கதைதான். ஒருவரை இரண்டு பேராகக் காட்டினால் வாசகர் இரண்டு தடவை தேடுவார், அவ்வளவுதான் நட்டம். இரண்டு பேரை ஒருவராகக் காட்டினால் ஒருவர் எழுதாததை அவர் தலையில் கட்டுகிறோம். எங்கள் மாகாணத்தில், போர்க்காலத்து அரசியல் வெளியீடு ஒன்றைக் கோயில் பதிகம் பாடிய ஒருவரின் பெயரில் ஏற்றுவது சின்ன விஷயம் அல்ல.

புனைபெயர் இன்னொரு பக்கம். குழப்பத்தைத் தவிர்க்கவே புனைபெயருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துச் சுஜாதா ஆனார். இந்திரா பார்த்தசாரதியின் இயற்பெயர் ஆர். பார்த்தசாரதி. சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த கவிஞரும் ஆர். பார்த்தசாரதியே. 'இந்திரா' இல்லாவிட்டால் பட்டியலாளர் பாடு திண்டாட்டம். பிரமிள் கதை மறுபக்கம்: தருமு சிவராம், அரூப் சிவராம், பானுசந்திரன் என்று ஒரே ஆளுக்குப் பல பெயர். அவ்வளவையும் 400 இல் அடுக்கினால்தான் வாசகர் எந்தக் கதவால் வந்தாலும் அவரிடம் வந்து சேர்வார்.

ஆனால் எல்லாப் புனைபெயரையும் அப்படி அவிழ்க்கலாமா என்றால், கூடாது என்பதே என் எண்ணம். போர்க்காலத்தில் இங்கே பலர் காரணத்தோடுதான் வேறு பெயரில் எழுதினார்கள். உயிரோடு இருக்கிற ஒருவர் தானாகச் சொல்லாத இயற்பெயரை, ஊரில் நாலு பேருக்குத் தெரியும் என்பதற்காக, உலகம் முழுக்கத் தேடக்கூடிய பதிவில் போடுவது நூலகரின் வேலை அல்ல. அவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் புனைபெயரே அவர் பெயர்.

எழுதுகிறவர்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய உதவிக்குக் காசு செலவில்லை. பதிப்பு விவரப் பக்கத்தில் பெயரை ஒரு தடவையாவது விரித்து எழுதுங்கள், பிறந்த ஆண்டைப் போடுங்கள். ஆண்டு மட்டும் போதும். திகதி, வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதுவும் வேண்டாம். வயதை வெளியில் சொல்லப் பிரியமில்லாதவர்கள் தொழிலையும் பிறந்த ஊரையும் போடலாம், சண்டையில்லை. கலியாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்துக்கு மாறும் பெண்கள், 'முன்னைய நூல்கள் இந்தப் பெயரில்' என்று ஒரு வரி சேர்த்தால் முதல் புத்தகம் அநாதையாகாது. 'ச.' என்று தொடங்கியவர்கள் நடுவில் 'எஸ்.' ஆக வேண்டாம். ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்கும்போதும் அட்டையில் உள்ள அதே வடிவத்தைக் கொடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள இலக்கம் எடுப்பது நல்லது. 2012 முதல் இருக்கிறது, இலவசம், 16 இலக்கங்கள். பெயர் எப்படி மாறினாலும் அது மாறாது.

வாசகர்களும் சொல்லலாம். பட்டியலில் உங்கள் உறவினரின் பெயருக்குக் கீழே அவர் எழுதாத புத்தகம் கிடந்தால் கவுண்டரில் சொல்லுங்கள். தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வந்தால் இன்னும் நல்லது. படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'அவர் என்னுடைய பெரியப்பா, கவிதையே எழுதினதில்லை' என்பதும் சாட்சிதான். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று 670 இல் எழுதிக்கொள்வோம்.