வராத நோய்க்கு மூட்டை மாத்திரை, இருக்கிற நோய்க்கு இரண்டு நாள் மாத்திரை

ஐப்பசி பிறந்து, டிவியில் ஆரஞ்சு, ரெட் என்று எச்சரிக்கை வாசிக்க ஆரம்பித்தால் பாளையங்கோட்டையில் எங்கள் மருந்துக்கடைக்குப் பட்டியல்கள் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள்தான். அசித்ரோமைசின் இரண்டு அட்டை, வயிற்றுப்போக்குக்கு ஒரு அட்டை, காய்ச்சலுக்கு ஐந்து அட்டை, பிள்ளைக்கு ஒரு ஆன்டிபயாடிக் சிரப், வீசிங் வந்தால் போட ஒரு ஸ்டீராய்டு. "மழை வெள்ளம்னு வந்துட்டா எங்க போவோம் அண்ணாச்சி, வீட்ல கெடக்கட்டும்."

அந்தப் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் கொக்கிரகுளமும் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. ஏரல் பாலம் உடைந்து ஊர் துண்டானது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த நாட்களுக்குப் பிறகு வீட்டில் மருந்து வேண்டும் என்று நினைப்பது சரிதான். எந்த மருந்து என்பதில்தான் தப்பு நடக்கிறது.

போன வாரம் ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் கட்டைப்பை நிறைய மருந்தைக் கொண்டுவந்து கவுன்டரில் கொட்டியது. எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துத் தரச் சொன்னார்கள். கொரோனா காலத்து ஐவர்மெக்டின் இருந்தது. தண்ணீர் கலந்து பாதி கொடுத்து மீதி வைத்த பிள்ளை மருந்து இருந்தது. தேதி இருந்த முனையை வெட்டி எறிந்த அட்டைகள், எதற்கென்று வீட்டில் யாருக்குமே தெரியாத கேப்சூல்கள் எல்லாம் இருந்தன. அந்த வீட்டு ஆச்சிக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் வைத்து ஒரு வருஷம் ஆகவில்லை. "ஆச்சி மாத்திரை எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன். இன்றைக்கும் நாளைக்கும் இருக்கிறதாம்.

இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வருமோ வராதோ என்ற நோய்க்கு ஒரு மூட்டை, தினமும் கூடவே இருக்கிற நோய்க்கு இரண்டு நாள் மாத்திரை. தயவுசெய்து இதைத் தலைகீழாக மாற்றுங்கள். வெள்ளம் வந்து மூன்று நாள் வழி அடைத்துவிட்டால் அந்த ஆச்சியை ஆபத்தில் தள்ளப்போவது புதிதாக வரும் காய்ச்சல் இல்லை. நின்றுபோன மாத்திரைதான்.

எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. தைராய்டு மாத்திரை இரண்டு மூன்று நாள் தவறினால் உடனே பெரிய கெடுதல் வராது. கால்சியமும் வைட்டமினும் ஒரு மாதம் நின்றாலும் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும், சில சமயம் விடாமல் வரும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கத் தந்த கிளோபிடோக்ரெல் போன்றதை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபிரலால் எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தக்கூடாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படித்தான். மனநல மருந்துகளும் இதே பட்டியல்தான், வீட்டில் வெளியே சொல்லத் தயங்கி அதை மட்டும் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமாக்காரர் வீட்டில் உடனடி இன்ஹேலர் ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும். இன்னும் எத்தனை தடவைக்கு மருந்து இருக்கிறது என்று எண் காட்டும் மாதிரியாக வாங்குங்கள். தண்ணீரில் மிதக்கிறதா என்று போட்டுப் பார்ப்பதெல்லாம் நம்பத்தக்க சோதனை இல்லை.

இதற்கு வழி எளிது. வழக்கமாக ஒரு மாதத்துக்கு வாங்குபவர் ஒரே ஒரு தடவை மட்டும் கூடுதலாக 15 நாளுக்கும் சேர்த்து வாங்குங்கள். அதன்பிறகு மாதாமாதம் வழக்கம்போல. புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முதலில் சாப்பிட்டு வந்தால் எப்போது மழை பெய்தாலும் கையில் 15 நாள் மருந்து இருக்கும், ஒன்றும் காலாவதியாகாது. அரசு மருந்து வாங்குபவர்கள், 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், புரட்டாசியிலேயே அந்த ஊழியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கத் தயங்கித்தான் பாதிப் பேர் மழையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி இன்சுலின். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். வெள்ளத்தின்போது என்னை மிகவும் வருத்தியது இதுதான். "கரண்ட் போயிடுச்சு, பிரிட்ஜ் நின்னுடுச்சு, ஊசி மருந்து கெட்டிருக்கும்னு தூரப் போட்டுட்டோம்" என்று வந்தார்கள். தூரப் போட்டுவிட்டு, வேறு கிடைக்காமல், ஊசியே போடாமல் இருந்திருக்கிறார்கள். பிரிட்ஜ் நின்ற மறுநாளே இன்சுலின் விஷமாகிவிடாது. பெரும்பாலான இன்சுலின்கள் 30 டிகிரிக்குள் இருந்தால் வெளியே நான்கு வாரம் வரை தாங்கும். சில வகைகளுக்கு நாள் கூடும், குறையும், அது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்திருக்கும். நீங்கள் தினமும் பயன்படுத்துகிற பாட்டிலையும் பென்னையும் வெளியேதானே வைத்திருக்கிறீர்கள்? அதே மருந்துதான் இதுவும். பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வது, மேலே போட்ட தேதி வரை மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக. கார்த்திகை, மார்கழி மழையில் நம் ஊர் வீட்டுக்குள் என்ன சூடு இருக்கப்போகிறது? வெளியே எடுத்த தேதியைப் பேனாவால் பாட்டில் மேல் எழுதுங்கள், தொடர்ந்து போடுங்கள். முதல் வகைச் (டைப் 1) சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட இன்சுலினை முழுதாக நிறுத்தக்கூடாது, சாப்பாடு சரியாக இல்லாத நாளிலும்தான். அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். போன் வேலை செய்யாது என்பதால், அந்தக் கேள்வியை மழைக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

இன்சுலினுக்கு இன்னொரு எதிரி அளவுக்கு மீறிய குளிர். கெடாமல் இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைக்கிறார்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகிப் பார்க்க நன்றாக இருந்தாலும், பயனில்லை. சிங்கிள் டோர் பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி வைத்தாலும் உறையும். சின்ன டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். கரண்ட் போனதும் ஐஸ்கட்டி மேலேயே பாட்டிலை வைக்காதீர்கள், இடையில் துணி வேண்டும். சித்திரை, வைகாசியில் கரண்ட் போனால் மண்பானை போதும். காருகுறிச்சிப் பானை ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்குள் மூடிய டப்பாவில் மருந்தை வைத்து நிழலில் வையுங்கள். கடையிலிருந்து வாங்கிப் போகும்போது ஸ்கூட்டர் டிக்கிக்குள் போட்டு, வெயிலில் நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போகாதீர்கள். அந்த அரை மணி நேரச் சூட்டில் கெட்டதைப் பிரிட்ஜ் சரிசெய்யாது.

சிரிஞ்ச் சேர்த்து வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, சத்தமாகவே சொல்கிறேன். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பென்னில் வருவது 100 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வெள்ளத்தில் பென் உடைந்துவிட்டது என்று, பக்கத்து வீட்டுச் சிவப்பு மூடி சிரிஞ்சை வாங்கி, பென் மருந்தை அதில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி மயக்கம், வலிப்பு, மரணம் வரை போகலாம். எந்த மருந்து போடுகிறீர்களோ அதற்கான சிரிஞ்சை மட்டும் வையுங்கள். மற்றதை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் வைக்காதீர்கள். இதற்கு நீண்ட விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மழைக்காலக் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸ், அது ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது. எலிக்காய்ச்சல் தடுப்புக்கென்று டாக்சிசைக்ளின் கொடுக்கவேண்டிய இடத்தில் சுகாதாரத் துறையே கொடுக்கும், கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஆகாது என்று பார்த்துக் கொடுப்பார்கள். நீங்களாகப் போடுவதில் அந்தப் பார்வை இருக்காது. தண்ணீர் கலந்த பிள்ளை ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஏழு நாளுக்கு மேல் ஆகாது. "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று எடுத்து வைத்தது அத்தனையும் வீண்.

டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு வெறும் பாராசிட்டமால் மட்டும். மேல்வலிக்கென்று டைக்ளோபெனாக், ஐபுபுரோபென், ஆஸ்பிரின் சேர்க்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும். (ஸ்டென்டுக்கோ இதயத்துக்கோ ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தவும் வேண்டாம், காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.) பிள்ளைக்குப் பாராசிட்டமால் சிரப் வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். ஒரே பெயரில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உண்டு, 250 உண்டு. சொட்டு மருந்து இன்னும் கெட்டியானது. மூத்தவன் பாட்டிலிலிருந்து கைக்குழந்தைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு ராத்திரியில் ஓடிவருகிறார்கள். எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு அந்தப் பெட்டியிலேயே எழுதி வையுங்கள்.

வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டியது, வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓஆர்எஸ் பொடி. அதற்குத்தான் பட்டியலில் இடமே இல்லை! உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சடித்த ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாங்குங்கள். முழுப் பாக்கெட்டும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், உப்பு கூடிப்போகும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் பானங்களில் அந்தப் பெயரே கூடாது என்று உத்தரவு போட்டது. பொடி கிடைக்கவே இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கூடவே துத்தநாக மாத்திரை, மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள். வயிற்றுப்போக்கை 'கட்டுகிற' லோபராமைடை பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கும் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கூடாது.

பாம்புக்கடி ஊசி கேட்பவர்களுக்கு: அது வீட்டில் வைக்கும் பொருளே இல்லை. போடும்போதே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம், பக்கத்தில் மருத்துவர் வேண்டும். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து அரசு மருத்துவமனையோ, எது கிட்டமோ அங்கே போங்கள்.

வைக்கும் இடம். அடுப்படி அலமாரி, பிரிட்ஜ் தலை, மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண், இந்த மூன்றும் வேண்டாம். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பரணில் கை வைத்துப் பாருங்கள். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். அட்டையிலிருந்து மாத்திரைகளை உதிர்த்து டப்பாவில் கொட்டாதீர்கள். வெட்டும்போது தேதி உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள். 05/2026 என்று போட்டிருந்தால் அந்த மே மாதக் கடைசி நாள் வரை ஆகும், மாதம் பிறந்ததுமே எறிய வேண்டாம். திறந்த கண் சொட்டு மருந்து பெரும்பாலும் ஒரு மாதம்தான். வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரையைக் காயவைத்துச் சாப்பிடாதீர்கள். உயிர்காக்கும் மாத்திரையாக இருந்து, உள்ளே துளியும் ஈரம் போகவில்லையென்றால் மட்டும், வேறு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து வையுங்கள். அதோடு ஒரு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு மாத்திரையோடு வையுங்கள், முகாமில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும் புரியாது.

ஒருவர் பதுக்கினால் இன்னொருவருக்கு இல்லை என்பதையும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு அடித்துப் பிடித்தார்கள், மத்திய அரசே விற்பனையைக் கட்டுப்படுத்தி உத்தரவு போடவேண்டி வந்தது. மூட்டுவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச்சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் வருஷக்கணக்கில் அதையே நம்பி இருந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அவர்கள் முகத்தைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

சென்னையிலும் பெங்களூருவிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஆன்லைனில் ஆறு மாத மருந்தை மொத்தமாக ஆர்டர் போட்டு அம்மா அப்பாவுக்கு அனுப்பாதீர்கள். நடுவில் மருத்துவர் அளவை மாற்றுவார், பழையதும் புதியதும் கலந்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்ட கையோடு, வீடியோவில் அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் பக்கத்து வீட்டுத் தம்பியையோ கடையையோ அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.