திங்கட்கிழமை நோயாளிகள்

நீலகிரியில் கால்நடை மருத்துவம் பார்ப்பவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் என்ன காத்திருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை மாலையே தெரிந்துவிடும். மலையிறங்கும் வண்டிகளின் வரிசை நீளமாக இருந்தால் மறுநாள் அழைப்புகளும் அதிகம். 7 மணிக்கு முன்பே ஃபோன் அடிக்கும்.

“டாக்டர், மாடு எந்திரிக்க மாட்டேங்குது. வயிறு உப்பிப் போய்க் கெடக்கு.”

“நேத்து எங்க மேஞ்சுது?”

“ரோட்டோரமாத்தான்.”

அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வருபவர்கள் காட்சிமுனைகளிலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். மிஞ்சிய பிரியாணியையும் புளியோதரையையும் சாலையோரக் கட்டைச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் நல்ல மனதோடுதான். குப்பையில் கொட்டுவதைவிட ஏதாவது ஒரு வாயில்லா ஜீவன் தின்னட்டுமே என்ற எண்ணம். அந்த எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சோறு மாட்டின் வயிற்றுக்குள் போன பிறகு என்ன செய்கிறது என்பதை வைத்தவர் யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பது என் வேலை என்பதால் சொல்கிறேன்.

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய புளிக்கும் தொட்டி மாதிரி. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லையும் தழையையும் உடைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருபவை அவைதான். புல்லுக்குப் பழகிய அந்த வயிற்றில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிலோ வெந்த சோறு விழுந்தால், அது மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு அசை போடுவதை நிறுத்தும், கழியும், தள்ளாடும், படுத்துவிடும். நேரத்தோடு போனால் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸும் மற்ற திரவங்களும் ஏற்றிக் காப்பாற்றிவிடலாம். பிழைத்த மாட்டுக்கும் சில நேரம் குளம்பு வீங்கி, மாதக்கணக்கில் நொண்டும். ஒரு நாள் தாமதித்தால் பிழைப்பது கஷ்டம்.

சோறு தனியாகவும் போவதில்லை. அது கட்டியிருந்த கவரோடு போகிறது. மாட்டுக்கு நம்மைப் போல நாக்கு நுனியில் பிரித்துத் துப்பத் தெரியாது. குழம்பு வாசம் ஒட்டிய கவரையும் சேர்த்தே விழுங்கும். விழுங்கிய கவர் முதல் வயிற்றைத் தாண்டாது, அசை போடும்போது மேலேயும் வராது. அங்கேயே கிடந்து, அடுத்த கவரோடு முறுக்கிக்கொண்டு, வருடக்கணக்கில் பந்தாகத் திரளும். வயிற்றில் இடமில்லாமல் மாடு தீனியைக் குறைக்கும். பால் வற்றும். உரிமையாளர் குடல்புழு மருந்து கொடுத்துப் பார்ப்பார், சத்து மாவு கொடுத்துப் பார்ப்பார். கடைசியில் எங்களிடம் வருவார்.

ஊட்டிக்குப் போகும் வழியில் ஒரு வளைவருகே வசிக்கும் ஒரு அம்மாவின் கறவை மாட்டுக்கு அப்படித்தான் அறுவை சிகிச்சை செய்தேன். மாட்டை நிற்கவைத்தே, இடது விலாவை மரத்துப்போக ஊசி போட்டு, வயிற்றைத் திறந்து கையை விட்டு எடுப்போம். தோள்வரை கை உள்ளே போகும். பால் கவர், சிப்ஸ் உறை, பார்சல் கவர், ஒரு குழந்தையின் மழைச்சட்டைத் துண்டு. எல்லாம் கயிறாகத் திரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் இழுத்து எடுத்ததை எடை போட்டபோது 18 கிலோ இருந்தது. அந்த அம்மா அழவில்லை. “இவ்வளவையும் நான் போடலையே டாக்டர்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டு மாட்டுக்காவது ஆள் இருக்கிறது. காட்டு விலங்குக்கு யார் ஃபோன் செய்வது? அவற்றைப் பெரும்பாலும் இறந்த பிறகுதான் நான் பார்க்கிறேன். வனத்துறை அழைத்தால் உடற்கூராய்வுக்குப் போவோம். புள்ளிமானும் கடமானும் மாட்டைப் போலவே அசை போடும் விலங்குகள். வயிற்றின் அமைப்பும் அதேதான், அடைத்திருப்பதும் அதே கவர்கள்தான்.

யானைக்கு ஆபத்து கண்ணாடி. யானையின் உள்ளங்கால் பார்க்கத்தான் முரடு. உள்ளே கொழுப்பு மெத்தை இருக்கிறது. உடைந்த மதுப்பாட்டில் துண்டு ஒன்று ஏறினால், உடம்பின் எடையெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் அதை இன்னும் உள்ளே அழுத்தும். சீழ் வைக்கும். நடக்க முடியாத யானை தண்ணீருக்குப் போக முடியாது, கூட்டத்தோடும் போக முடியாது. முகாம் யானை என்றால் தினமும் புண்ணைக் கழுவி மருந்து வைக்கலாம். காட்டு யானைக்கு ஒவ்வொரு முறையும் மயக்க ஊசி போட்டாக வேண்டும், ஒவ்வொரு மயக்கமும் உயிரோடு விளையாடுவதுதான். இந்தப் பிரச்சினைக்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் மதுப்பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. கொஞ்ச தூரம் நடந்து 10 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். புதரில் வீசாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

குரங்கு விஷயத்தில் மட்டும் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. குழந்தை கையில் பிஸ்கட்டைக் கொடுத்து “குரங்குக்குப் போடு” என்று பெற்றோரே சொல்கிறார்கள். அது தர்மம் மாதிரித் தோன்றுகிறது. காட்டுக்குள் நாள் முழுக்கப் பழமும் கொழுந்தும் பூச்சியும் தேடித் தின்ன வேண்டிய நாட்டுக் குரங்கு, அந்த பிஸ்கட்டுக்காகச் சாலையோரத்திலேயே குடியிருக்கப் பழகிவிடுகிறது. நின்ற வண்டி எது, ஓடும் வண்டி எது என்று குட்டிகளுக்குத் தெரியாது. கால் நசுங்கிய குட்டிகளைத் துணியில் சுற்றி எத்தனை பேர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அப்புறம் இன்னொன்று. பிஸ்கட் போட்டவர் சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை தேயிலை பறிக்கப் போகும் பெண்ணின் தூக்குவாளியைத்தான் அந்தக் குரங்கு பிடுங்கும். கொடுக்க மறுத்தால் கடிக்கும். கடிபட்டவர் வெறிநாய்க்கடி ஊசிக்கு வேலையை விட்டுவிட்டுப் பல நாள் அலைவார்.

மசினகுடி, முதுமலைப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் ஜீப்பில் கூட்டிப்போய் விலங்கு காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அது சட்டவிரோதம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் பெருவிளக்கை அடித்தால் மான் அப்படியே உறைந்து நிற்கும். பார்ப்பவருக்கு நல்ல படம் கிடைக்கும். கொஞ்ச நேரம் கண் தெரியாமல் நிற்கும் அந்த மானைச் சிறுத்தை எளிதாக அடிக்கும், அல்லது அது மிரண்டு ஓடி வேலியில் விழும். விடுதி எடுக்கும்போதும் அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்கு எதிரான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஓர் ஆண் யானை மேல் நெருப்பு வைத்து வீசியதும், அந்த யானை புண்ணோடு அலைந்து செத்ததும் நாடே பார்த்த செய்தி. காலங்காலமாக யானைகள் நடந்த வழியில் கட்டிலைப் போட்டுவிட்டு, யானை நம் வாசலுக்கு வந்துவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

வளர்ப்பு நாயோடு வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நாய் எனக்கும் பிரியமான பிராணிதான், அதனால் சொல்கிறேன். டிஸ்டெம்பர், பார்வோ என்ற இரண்டு வைரஸ் நோய்களும் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றக்கூடியவை. செந்நாய்கள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றுக்கு வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் பரவும். தடுப்பூசி முழுமையாகப் போடாத நாயை மலைக்குக் கூட்டி வராதீர்கள். போட்டிருந்தாலும் காட்டோரத்தில் அவிழ்த்துவிட வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவது விலங்கு மருத்துவத்தில் சேராதது போலத் தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, எருமை பார்க்கப் போவேன். பிறை வடிவக் கொம்போடு, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், நீலகிரியின் புல்வெளிக்கே உரிய இனம் தோடா எருமை. புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் தேயிலையும் வந்ததில் மேய்ச்சல் நிலம் சுருங்கி, எருமைகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன. தோடர்களுக்கு எருமை வெறும் கறவை மாடு அல்ல. அவர்களின் கோயிலே பால் வைக்கும் இடம்தான். கோயில் எருமைகளின் பாலைக் கையாளும் பூசாரிக்கு எத்தனையோ விரதங்கள் உண்டு. கோயிலைச் சுற்றித் தாழ்வான கல்சுவர் இருக்கும். முதல் முறை போனபோதே ஒரு பெரியவர் அதைக் காட்டி, “அதுக்கு அந்தப் பக்கம் நாங்களே நெனச்சபடி போக மாட்டோம் டாக்டர்” என்றார். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை.

சில வருடம் முன்பு ஒரு மந்தில் கன்று ஈன முடியாமல் தவித்த எருமைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்றின் ஒரு கால் மடிந்து உள்ளே சிக்கியிருந்தது. அதைத் திருப்பி நிமிர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், கீழே நின்ற வேனிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஏறி வந்தார்கள். இருவர் வீட்டின் சிறிய வாசலுக்குள் ஃபோனை நீட்டிப் படமெடுத்தார்கள். ஒரு பையன் கோயில் கல்சுவர் மேல் ஏறி நின்றான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே எருமையிடம் வந்தார்கள். தோடா எருமை அந்நியர்களைப் பொறுத்துக்கொள்ளாது. கயிற்றை அறுத்துக்கொண்டு, கன்றின் கால் பாதி வெளியே தொங்க, சரிவில் ஓடிவிட்டது. தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. கன்று இறந்து பிறந்தது. பெண் கன்று.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதற்குள் அவர்கள் போயும் விட்டார்கள், நடந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. வழி கேட்டவர்களுக்கு அந்த மந்துப் பெரியவர் ஒருவர்தான் வழியும் சொல்லி அனுப்பினார். மந்து என்பது ஒரு சிலர் வாழும் வீடு, வாசல், கோயில். அழைக்காமல் யார் வீட்டுக்குள்ளாவது நாம் நுழைவோமா? போக ஆசைப்பட்டால், கீழேயே நின்று யாரிடமாவது கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். வா என்றால், எங்கே நிற்கலாம், எதைப் படமெடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதை அவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மற்றபடி வருவதற்கு முன் செய்ய வேண்டியவை சுலபம். நீலகிரிக்குள் வண்டி வர இ-பாஸ் கட்டாயம், இணையத்தில் சில நிமிட வேலை. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம், ஏப்ரல் முதல் கோடைக்கு வாரநாளில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தது. முடிந்தால் வாரநாளில் வாருங்கள், பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் இன்னும் நல்லது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் எடுத்து வாருங்கள். இங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். மிஞ்சிய சோற்றை டப்பாவோடு மூடித் திரும்பக் கொண்டுபோங்கள்.

அறுவை சிகிச்சை செய்த அந்த மாடு தேறி, இப்போது நன்றாகக் கறக்கிறது. அந்த அம்மா திங்கட்கிழமைகளில் மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால், காலித் தீவனச் சாக்கோடு வளைவுக்குப் போய் எல்லாவற்றையும் பொறுக்குகிறார். போன வாரம் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தி நானும் கொஞ்சம் பொறுக்கினேன். 8 மணிக்கே சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் சரிவில் இன்னும் நிறையக் கிடந்தது.

“அத நான் எடுக்க முடியாது டாக்டர், கால் வழுக்கும்” என்றார். “ராத்திரி கடமான் வந்து மேயற எடம் அது.”