தோம்போ: நண்பனுக்கு ஒரு கல்

பிரெஞ்சு மொழியில் தோம்போ என்றால் கல்லறை. சாதாரண அகராதியில் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு கச்சேரி நிரலில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ‘கல்லறை’ என்று தமிழில் எழுதினால் தப்பாகிவிடும். அங்கே அது ஓர் இசை வகையின் பெயர். ஆசிரியரோ நண்பரோ இறந்தபின் அவர் நினைவாக இன்னோர் இசைக்காரர் வாத்தியத்துக்கென்றே எழுதும் உருப்படி. பாட்டு கிடையாது, வரிகள் கிடையாது. யாருக்காக என்பது தலைப்பில் மட்டும் இருக்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம். தும்பொஸ் என்றால் இறந்தவர்மேல் குவித்த மேடு. அது பிற்கால லத்தீனில் தும்பா ஆகி, பிரெஞ்சில் தோம்ப் ஆகி, பிறகு தோம்போ ஆனது. சங்கப் பாடல்களில் வரும் ‘பதுக்கை’யும் கிட்டத்தட்ட இதேதான்: செத்தவர்மேல் குவித்த கற்குவியல். (தும்பொஸ் என்றதும் தும்பைத் திணை நினைவுக்கு வரும். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

இந்தப் பெயரை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் கவிஞர்கள். 16ஆம் நூற்றாண்டில் பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் பல கவிஞர்களின் இரங்கற்பாக்களைத் தொகுத்துத் தோம்போ என்று வெளியிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிப்பவர்கள் அதை வாங்கிக்கொண்டு, சொற்களை விட்டுவிட்டார்கள். 1638இல் இறந்த மெசாங்ஜோ என்ற லூட் கலைஞருக்காக எனெமோன் கோத்தியே எழுதியதுதான் இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், இந்தச் சொல்லுக்குப் பொருள் புரிவது 1652இல் நடந்த ஒரு சாவில்தான். பாரிஸில் பிளாங்ரோஷே என்று ஒரு லூட் கலைஞர். மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துபோனார். போர் இல்லை, வீரம் இல்லை, படி தவறியது, அவ்வளவுதான். அவருக்கு நான்கு பேர் தோம்போ எழுதினார்கள். இரண்டு லூட்டுக்கு, இரண்டு பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு. அந்த நால்வரில் ஒருவரான ஜெர்மன்காரர் ஃப்ரோபெர்கர், விழுந்தபோது கூடவே இருந்தவர். அவருடைய உருப்படியை மிக மெதுவாக, எந்தத் தாளக் கணக்கும் பார்க்காமல், வாசிப்பவர் மனம்போல வாசிக்கவேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. கடைசியில் ஒரு சுர வரிசை மேலிருந்து கீழே இறங்கி, அடிமட்டச் சுரத்தில் போய் நின்றுவிடுகிறது. மாடிப்படி!

இதே ஃப்ரோபெர்கர் இரண்டு வருடம் கழித்து, நான்காம் ஃபெர்டினாண்ட் என்ற இளவயது அரசன் இறந்தபோதும் ஒரு புலம்பல் எழுதினார். அதன் முடிவில் சுர வரிசை மேலே ஏறுகிறது. கையெழுத்துப் பிரதியில் வரிசை முடியும் இடத்தில் மேகங்களைக் கூட வரைந்திருக்கிறார்கள். அரசனுக்குச் சொர்க்கம், நண்பனுக்குப் படிக்கட்டு. இரண்டில் எது நெருக்கம் என்று கேட்பவர்களே சொல்லட்டும்.

அப்புறம் மரேன் மரே என்ற இசையமைப்பாளர் தன் குரு சேன்த் கொலோம்புக்கு, வில்லால் வாசிக்கும் வயோலா த காம்பாவில் ஒன்று எழுதி 1701இல் வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டு போகப்போக வழக்கம் மங்கிவிட்டது.

அதை மீண்டும் எழுப்பியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ரவேல். 1914இல் தொடங்கி 1917இல் முடித்த பியானோத் தொகுப்புக்கு ‘கூப்ரேனின் தோம்போ’ என்று பெயர் வைத்தார். கூப்ரேன் 1733இல் இறந்த இசையமைப்பாளர். அந்த ஒருவரைவிட, 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இசை முழுவதற்குமான வணக்கம் இது என்று ரவேலே பிற்பாடு சொன்னார். ஆனால் உள்ளே திறந்தால் வேறு ஆட்கள். தொகுப்பில் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றின் தலையிலும் முதல் உலகப்போரில் செத்த தெரிந்தவர் பெயர். முதல் பகுதி ஷார்லோவுக்கு. ரவேலின் நான்குகைப் பியானோ உருப்படி ஒன்றைத் தனியாள் வாசிக்கும்படி மாற்றி எழுதியவர் அவர். நான்காவது பகுதி கோதேன் சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து. இரண்டு பேரும் ஒரே குண்டில் போனார்கள். கடைசிப் பகுதி மர்லியாவ் என்ற கேப்டனுக்கு. 1919 ஏப்ரல் 11 அன்று பாரிஸில் இந்தத் தொகுப்பை முதன்முதலில் மேடையில் வாசித்தவர் மார்கெரித் லோங். மர்லியாவின் மனைவி. ஆறிலும் வாசிக்கக் கடினமானது அந்தக் கடைசிப் பகுதிதான்.

ரவேலும் போரில் லாரி ஓட்டியவர். இத்தனைக்கும் பிறகு கேட்டால் அழுகை வராது. பாதி நடன மெட்டுகள், துள்ளல் கூட உண்டு. ஐந்தாவது பகுதியின் நடுவில் மட்டும் ஏதோ கனமாக எழுந்து, பிறகு அடங்கிவிடுகிறது. துக்கம் போதவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவு வீட்டில் நண்பர்கள் கொஞ்ச நேரம் கழித்து, போனவன் அடித்த கூத்தைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருப்பார்கள்?

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இரங்கற்பா’ ஒத்துவராது; பா என்றால் சொல் வேண்டும். ‘ஒப்பாரி’க்குத் தொண்டை வேண்டும், பிணம் கிடக்கும் வாசல் வேண்டும். ‘அஞ்சலி’ சுவரொட்டியிலேயே தேய்ந்துபோன சொல். பொருள் சரியாக விழுவது ‘கையறுநிலை’யில்தான். கை என்றால் இங்கே செயல். செய்ய ஒன்றுமில்லாமல் போன நிலை. ‘ஒழிந்தோர் புலம்பிய கையறுநிலை’ என்கிறது தொல்காப்பியம். ஒழிந்தோர் என்றால் செத்தவர்கள் இல்லை, மிஞ்சி நிற்பவர்கள். பாரி போனபின் கபிலர் நின்ற இடம் அது.

கையறுநிலையும் பாட்டுத்தானே, அதற்கும் சொல் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் புறநானூற்றின் 260ஆம் பாடலைப் பாருங்கள். வடமோதங்கிழார் பாடியது, கையறுநிலைத் துறை. ஒரு பாணன் தன்னைப் புரக்கும் தலைவனைப் பார்க்க வருகிறான். வழியில் யாழ் மீட்டுகிறான். எப்படித் தொட்டாலும் நரம்பு திரிந்து விளரியில் போய் விழுகிறது: ‘விளரி உறுதரும் தீந்தொடை’. விளரி இரங்கல் பண். சாவுச் செய்தி அவன் காதுக்கு இன்னும் வரவில்லை, வாத்தியம் முந்திக்கொண்டுவிட்டது. ஆநிரை மீட்ட சண்டையில் தலைவன் போய்விட்டான், அவன் பெயர் இப்போது பந்தலின்கீழ் நட்ட கல்லின்மேல் இருக்கிறது என்று பாட்டின் முடிவில்தான் தெரிகிறது. யாழும் கல்லும் ஒரே பாட்டில்.

ஆகவே இசை வகையைக் குறிக்க ‘கையறு இசை’ என்று எழுதலாம் என்பது என் கட்சி. ‘மரே தன் குருவுக்கு ஒரு கையறு இசை எழுதினார்’ என்றால் உறுத்தாது. பிளாங்ரோஷேக்கும் அதுவே சரி. படியில் விழுந்தவருக்கு நடுகல் கொஞ்சம் அதிகம். ரவேலின் தலைப்பை மட்டும் ‘கூப்ரேன் நடுகல்’ என்று மொழிபெயர்ப்பேன். நடுகல்லைச் சொல்லும் இன்னொரு புறப்பாட்டில் (264) ‘பெயர் பொறித்து’ என்று வருகிறது. ரவேல் ஆறு பகுதிகளின் தலையிலும் செய்திருப்பது அதைத்தான்.