பாஸ்தா மெஷினில் கத்தி எங்கே இருக்கிறது?

கைப்பிடியைச் சுற்றுகிறோம், மாவு உள்ளே போகிறது. கீழே தனித்தனி இழைகளாக விழ வேண்டியது, கோடு மட்டும் விழுந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே தாளாக இறங்குகிறது. கத்தி மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன் வெட்டும் பகுதியை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் கத்தியே கிடையாது.

இருப்பவை இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும் வளையம் வளையமாக மாறி மாறிக் கடையப்பட்டிருக்கும். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல, ஓர் உருளையின் மேடு எதிர் உருளையின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். மேட்டின் அகலம்தான் இழையின் அகலம். பல வீட்டு மெஷின்களில் ஃபெத்துச்சினே என்ற அகலமான பாஸ்தாவை வெட்டும் உருளையில் அது சுமார் 6.5 மி.மீ. இருக்கும், தல்யோலினி என்ற மெல்லிய பாஸ்தாவுக்கு 1.5 முதல் 2 மி.மீ.

மாவுத் தாள் இந்த இரண்டுக்கும் நடுவே வரும்போது, ஒரு பட்டையை இந்தப் பக்க மேடு அந்தப் பக்கம் தள்ளுகிறது. அதற்கு அடுத்த பட்டையை அந்தப் பக்க மேடு இந்தப் பக்கம் தள்ளுகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டைகள் எதிரெதிர்த் திசையில் இழுபடுவதால், நடுவில் உள்ள மாவு அறுந்துபோகிறது. கத்தரிக்கோலும் இப்படித்தான் வேலை செய்கிறது. கத்தரிக்கோலின் திருகு தளர்ந்திருந்தால், அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து நுழைந்துகொள்ளும். இங்கேயும் அதுதான். கூரைவிட, மேட்டின் பக்கவாட்டுக்கும் பள்ளத்தின் பக்கவாட்டுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளிதான் முக்கியம்.

இது புரிந்துவிட்டால், சாணை பிடிப்பது ஏன் தவறு என்பதும் புரியும். பக்கவாட்டில் அரம் போட்டால் இடைவெளி பெரிதாகிறது. மேட்டின் தலையில் போட்டால் அது பள்ளத்துக்குள் போதிய ஆழம் இறங்காது. எப்படிச் செய்தாலும் உருளை கெட்டதுதான்.

சரி, இழை பிரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாவைத்தான். கோதுமை மாவில் உள்ள குளூட்டெனின், கிளையாடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையைப் பின்னுகின்றன. ஈரம் அதிகமானால் அந்த மாவு அறுபடாமல் நீளும். நீண்ட மாவு அந்த மயிரிழை இடைவெளியில் புகுந்து பாலம் போட்டுவிடும். தாளைத் தேய்த்த பின் பத்து நிமிடம் உலரவிட்டு, மேலே லேசாக மாவு தூவி வெட்டிப் பாருங்கள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, மடித்தால் விரிசல் விடவும் கூடாது. தாள் மிக மெல்லிசாக இருந்தாலும் சரியாக வெட்டாது, அப்போது மெஷினின் தடிமன் எண்ணை ஒன்று மாற்றி, கொஞ்சம் தடிமனாகத் தேய்த்துப் பார்க்கலாம்.

மாவு சரியாக இருந்தும் இழை ஒட்டுகிறதா? அப்படியானால் சீப்பைப் பாருங்கள். உருளைகளுக்கு அடியில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பல்லாக நுழைந்து நிற்கும் மெல்லிய பகுதி இது. பள்ளத்தில் அப்பிய இழையை நெம்பிக் கீழே தள்ளுவது இதன் வேலை. மெஷினிலேயே மிகவும் எளிதில் கெடுவதும், யாருமே கவனிக்காததும் இதுதான் என்பேன். சீப்புப் பல்லின் அடியில் அரிசி மணி அளவு மாவு காய்ந்துவிட்டால் போதும், பல் பள்ளத்தின் தரையிலிருந்து எழும்பிவிடும். அடுத்த இழை அதன் அடியில் நுழைந்து உருளையைச் சுற்றிக்கொள்ளும். அந்த இழை இன்னும் மாவை இழுத்து அடைக்கும். அந்த நேரத்தில் பலம் போட்டுச் சுற்றினால் பல் வளையும்.

முதல்முறை எனக்கு இப்படி அடைத்தபோது வெட்டும் பகுதியை அப்படியே வெந்நீரில் அலசிவிட்டேன். மறுநாள் கைப்பிடி அசையவே இல்லை. காரணம் எளிது: கோதுமை ஸ்டார்ச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் தண்ணீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகிவிடும். உதிர்ந்து விழவேண்டிய மாவை நானே பசையாகக் காய்ச்சி, எட்டாத மூலையிலெல்லாம் பூசியிருந்தேன். குளிர்ந்த நீரும் நல்லதல்ல. அது அச்சின் முனைகளில் தங்கித் துருவை வரவழைக்கும். பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் இன்னும் மோசம். அதன் காரத்தன்மை அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அரித்துவிடும், பிறகு தொட்ட மாவெல்லாம் சாம்பல் நிறமாகும்.

தண்ணீரே வேண்டாம். வேலை முடிந்ததும் அப்படியே விட்டு, மாவு நன்றாகக் காய்ந்த பிறகு தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மீதியைக் காய்ந்த பிரஷால் தட்டி, சீப்பின் இடுக்கில் உள்ளதை மரப் பல்குச்சியால் எடுங்கள். கத்தி முனை, ஊசி எதுவும் வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கே மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். கழுவாமல் வைப்பது சுத்தமில்லையே என்று சிலர் தயங்குவார்கள். ஈரமே இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாது. ஈரத்தோடு மூடி வைப்பதுதான் ஆபத்து.

அப்புறம் எண்ணெய். உருளையின் இரு முனைகளிலும் எப்போதாவது ஒரு சொட்டு போதும், ஆனால் சமையல் எண்ணெய் கூடாது. சமையலறைப் புட்டியின் கழுத்தில் பழுப்பாகப் பிசுக்கு படிந்திருக்குமே, அதுதான் காரணம். தாவர எண்ணெயின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. உணவுக் கருவிகளுக்கான மினரல் ஆயிலில் அந்தப் பிணைப்புகள் இல்லாததால் அது பிசுக்காகாது.

சுத்தம் செய்தும் ஒரே இடத்தில் மட்டும் இழை பிரியவில்லை என்றால், அந்த இடத்து மேட்டின் விளிம்பைப் பாருங்கள். நசுங்கியோ உருண்டோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். பெரும்பாலான மெஷின்களில் வெட்டும் பகுதி தனியாகக் கழலும், அதை முழுதாக மாற்றுவதுதான் என் பரிந்துரை. ஓர் உருளையை மட்டும் மாற்றினால் பழைய ஜோடியின் பொருத்தம் கிடைக்காது. சீப்பு மட்டும் உடைந்திருந்தால், பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அச்சின் முனையில் உள்ள வாஷர்களை. ஒரு வாஷர் இடம் மாறினாலும் உருளை பக்கவாட்டில் நகர்ந்து, மேடு பள்ளத்தின் சுவரில் உரசத் தொடங்கும்.

மூடிய பிறகு மாவு இல்லாமல் மெதுவாக இரண்டு சுற்று சுற்றிக் காது கொடுங்கள். கரகரவென்று உலோகச் சத்தம் வந்தால் திரும்பக் கழற்ற வேண்டும். சத்தம் இல்லையென்றால், சாப்பிடாமல் தூக்கிப்போடப் போகும் மாவில் ஒரு தாள் வெட்டுங்கள். முதல் இழைகளில் எண்ணெயும் உலோகப் பொடியும் சாம்பல் கோடாக வரும். கோடு நிற்கும்வரை இன்னும் இரண்டு மூன்று தாள் விட்டு, அவற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.