கோடையில் உறங்கும் தோட்டம்

ஏதென்ஸ் நகருக்குக் கிழக்கே பையானியா என்ற ஊரை ஒட்டி ஸ்பரோசா என்றொரு கல்லாங்குன்று இருக்கிறது. நகரமைப்பு நிபுணர் ஜாக்குலின் டிர்விட் 1960களில் அங்கே வீடு கட்டி, அதைச் சுற்றித் தோட்டம் போட்டார். பிறகு, 1994இல் தொடங்கிய மத்தியதரைக்கடல் தோட்டச் சங்கத்துக்கு அதுவே தலைமையிடம் ஆனது. ஆகஸ்டில் இப்படியொரு தோட்டத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. புல் காய்ந்து கிடக்கும், புதர்கள் சாம்பல் பூத்து நிற்கும், சில செடிகளில் ஓர் இலைகூட இருக்காது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றலாமா என்று தோன்றும். ஊற்றினால் செத்துவிடக்கூடிய செடிகள் அதில் நிறைய உண்டு.

அங்கே மழை குளிரோடு வருகிறது. ஏதென்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 400 மி.மீ.தான். அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கடும் வெயிலும் மண்ணின் ஈரமும் அங்கே சேர்ந்து வருவது அபூர்வம். அதனால் செடிகள் மழைக்காலத்தில் வளர்ந்து, வசந்தத்தில் பூத்து, கோடையில் ஓய்ந்துவிடுகின்றன.

ஓய்வதிலும் செடிக்குச் செடி ஒரு வழி. லாவெண்டரின் வெளுத்த நிறம் இலைமேல் படர்ந்த நுண்ணிய ரோமங்களால் வருவது. அவை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. இலையை ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்றையும் பிடித்து வைப்பதால் நீராவி மெதுவாகத்தான் வெளியேறும். ரோஸ்மேரி தன் இலையின் ஓரங்களைக் கீழ்ப்பக்கமாகச் சுருட்டி, இலைத்துளைகளை உள்ளே ஒளித்துக்கொள்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் ஃப்ளோமிஸ் செய்வது இன்னும் அழகு: குளிர்காலத்துப் பெரிய இலைகளை உதிர்த்துவிட்டு, கோடைக்கென்று சிறிய, தடித்த இலைகளை வைத்துக்கொள்கிறது. கள்ளி இனத்து யூஃபோர்பியா டென்ட்ராய்டிஸ் இலைகளைச் சிவக்கவைத்து மொத்தமாகக் கொட்டிவிடும். மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும்.

சரி, தண்ணீர் ஏன் கொல்கிறது? ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நுண்ணுயிரி மண்ணில் இருக்கிறது. அதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணிலுள்ள நீரில் நீந்தியே வேரைத் தேடி வரும். கோடையில் மண் காய்ந்திருக்கும்வரை நீந்த வழியில்லை. சூடான மண்ணில் தினமும் நீர் தெளித்தால் அதற்குப் பாதை போட்டுக் கொடுத்ததுபோல ஆகிவிடும். நன்றாக இருந்த லாவெண்டர் ஒரே வாரத்தில் வாடிப்போகும். வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். பாசத்தால் சாகும் செடிகள் இப்படி எத்தனையோ!

அதனால் நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். மழை முழுவதையும் குடித்து, கோடைக்குள் வேர் ஆழம் போய்விடும். தொட்டிக்குள் வேர் சுருண்டுபோகாத சின்னக் கன்றே நல்லது. முதல் கோடைக்கு மட்டும் உதவி தேவை: கன்றைச் சுற்றி அகலமான வட்டப் பாத்தி கட்டி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் அளவுக்கு ஊற்றி, பிறகு மண்ணை முழுசாகக் காயவிட வேண்டும். ஈரம் கீழே இறங்க, வேரும் அதன் பின்னால் இறங்கும். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கி வெந்துபோகும். மண்மேல் நாலு விரல் உயரத்துக்குச் சரளைக்கல் பரப்பினால் அடிமண்ணின் ஈரம் காக்கப்படும், தண்டின் அடியும் உலர்ந்தே இருக்கும். எரு வேண்டாம். கொழுத்த மண்ணில் இச்செடிகள் மதமதவென்று வளர்ந்து, ஆயுள் குறைந்துபோகின்றன.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கடல் வெங்காயம், நம்மூர் நரிவெங்காயத்தின் நெருங்கிய உறவு. வசந்தம் முடியும்போது அதன் இலைகள் காய்ந்து மறைந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில், இன்னும் ஒரு துளி மழைகூட விழாத வெடித்த மண்ணிலிருந்து, இடுப்புயரத் தண்டு மட்டும் எழுந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். குமிழில் சேர்த்துவைத்த நீரே அதற்குப் போதும். பூ முடிந்து மழை இறங்கிய பிறகுதான் இலை வரும்.