முதல் ரேசர் வாங்கும் தம்பிக்கு

போன வாரம் வந்த பையனுக்கு 19 வயது. முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னதும் அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் கழற்றினான். தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும், மிளகை அள்ளித் தூவியது போலக் கரிய மேடுகள். நாலைந்தில் சீழ் கோத்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் முடி வெளியே வந்து, வளைந்து, திரும்பவும் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு நிற்கிறது. "மூணு மாசமா இந்தப் பரு போகவே மாட்டேங்குது டாக்டர்" என்றார் அம்மா. பரு இல்லை அது. ஷேவிங்கால் வந்த வினை. இந்த மாதத்தில் இவன் ஆறாவது ஆள் என்பதால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. தினமும் மழித்தால் தாடி அடர்த்தியாக வரும் என்றவன் ஹாஸ்டல் நண்பன். கீழிருந்து மேலே இழுத்தால்தான் வழவழப்பு வரும் என்றது யாரோ போட்ட வீடியோ. கட்டி கிளம்பியதும் கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் தடவச் சொன்னவர் மாமா. கடைசியாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூப். இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னார்கள். ரேசரை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்கவில்லையா என்றேன். "அவர்கிட்ட இதைப் போய் எப்படி சார் கேக்கறது?" என்றான்.

முதலில் அந்த ஹாஸ்டல் நண்பனின் கதையை முடித்துவிடுகிறேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லாத பையனே கிடையாது. சவரம் செய்யச் செய்ய முடி தடிக்கும், கருக்கும், அடர்த்தியாகும். பொய். மூன்றுமே பொய். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் 1928-லேயே இதைச் சோதித்துப் பார்த்து, சவரத்துக்கும் முடி வளர்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார். 1970-ல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் வாராவாரம் மழித்து, இன்னொரு காலை அப்படியே விட்டு, மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். தடிமனிலும் வித்தியாசமில்லை, வளரும் வேகத்திலும் இல்லை.

அப்புறம் ஏன் சொரசொரவென்று இருக்கிறது? அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். தாள் குத்தும். அதே பயிரை அறுப்பதற்கு முதல் நாள் கையால் தடவியிருந்தால் மெத்தென்றுதான் இருந்திருக்கும். அறுத்ததால் பயிர் தடித்துவிட்டதா என்ன? வெட்டாத முடியின் நுனி ஊசிபோல மெலிந்திருக்கும். பிளேடு அந்த மெல்லிய நுனியை எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது நடுத்தண்டு, அதுவும் மொட்டையான முனையோடு. தடவினால் முள்ளாகத்தான் இருக்கும், பார்வைக்குக் கறுப்பாகத்தான் தெரியும். வேர் இருப்பது தோலுக்குள்ளே. மேலே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி நன்றாக வளரும் என்பதும் இதே கணக்குதான். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள், அது உங்கள் வேண்டுதல். அடர்த்திக்காகப் போடாதீர்கள். பையன்களின் தாடி 25 வயது தாண்டியும் அடர்ந்துகொண்டுதான் இருக்கும். அதைத் தீர்மானிப்பது ஹார்மோனும் பரம்பரையும். 19 வயதில் கன்னத்தில் இடைவெளி இருப்பது நோயே இல்லை.

இவனோ அந்த இடைவெளிக்காக, நாளுக்கு இரண்டு தடவை, புண் ஆறுவதற்குள் புண்ணின் மேலேயே இழுத்திருக்கிறான்.

ரேசரைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தான். திருகிப் பிளேடு போடுகிற பழைய மாதிரி ரேசர், இப்போது திரும்பவும் மவுசு வந்திருக்கிறதே, அது. நான் அதற்கு எதிரியல்ல. சுருள் முடிக்காரர்களுக்கு நாலைந்து பிளேடு அடுக்கிய ரேசரைவிட ஒற்றைப் பிளேடே நல்லது என்றுதான் சொல்வேன். அடுக்குப் பிளேடில் முதலாவது முடியைப் பிடித்து இழுக்க, பின்னால் வருவது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுகிறது. முடி உள்ளே போய் வழி தெரியாமல் பக்கவாட்டில் வளர்கிறது. விளம்பரத்தில் வரும் அந்த வழவழப்பின் விலை இதுதான்.

சரி, எப்படிச் செய்வாய் என்று காட்டு என்று வாஷ்பேசின் பக்கம் கூட்டிப்போனேன். பிளேடு இல்லாமல், நுரை மட்டும் போட்டு. ரேசரைக் கத்தி பிடிப்பது போல முஷ்டியில் பிடித்தான். இடது கையால் கழுத்துத் தோலைக் காதுப் பக்கமாக விறைப்பாக இழுத்துக்கொண்டான். கழுத்தெலும்பிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. பிளேடே இல்லாமல் தோலில் வெள்ளைக் கோடு விழுந்தது. அவ்வளவு அழுத்தம்! இவனுக்குக் கட்டி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்த ரேசர் ஏன் கனமாக இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அதன் கனமே போதும், உங்கள் பலம் தேவையில்லை. விரல் நுனியில் பிடியுங்கள். மேல்மூடியைக் கன்னத்தில் படுக்கவைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். பிளேடு முடியைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள், ஏறத்தாழ 30 டிகிரி. ஒரு அங்குலம் இழுத்ததும் அலசுங்கள். தோலை விறைப்பாக இழுக்க வேண்டாம். இழுத்துப் பிடித்து வெட்டி, கையை விட்டதும் முடி உள்ளே போய்விடும்.

முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று தெரியாமல் ரேசரையே எடுக்காதீர்கள். இரண்டு நாள் தாடியோடு ஏடிஎம் கார்டின் விளிம்பைத் தோலில் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது முடி படிந்த பக்கம், கரகரவென்று தடுத்தால் எதிர்ப்பக்கம். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில்தான் வம்பு. சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழி. இந்தப் பையனுக்கு இடது கழுத்தில் ஒரு திசை, வலது கழுத்தில் வேறு திசை. முதல் தடவை முடி படிந்த பக்கமாக, இரண்டாவது தடவை குறுக்காக. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதாக எதிர்த்து இழுப்பதெல்லாம் அனுபவப்பட்டவர்கள் ஆசைக்குச் செய்வது, உங்களுக்கு வேண்டாம். சாயங்காலம் கன்னம் கொஞ்சம் சொரசொரத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள். முடி தண்ணீரில் ஊற இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். குளியல் சோப்பு நுரை வேண்டாம். பிளேடை ஐந்து ஷேவுக்கு மேல் ஓட்டாதீர்கள், ஒரு டீக் காசுகூட ஆகாத பொருள். முகத்தில் மரு இருந்தால் அதன்மேல் ரேசர் வைக்கவே கூடாது. பிளேடு போன தடத்திலேயே குட்டி மருக்கள் வரிசை கட்டி நிற்பதை வாரத்துக்கு ஒருவரிடமாவது பார்க்கிறேன். வெண்புள்ளி உள்ளவர்கள், வெட்டுக்காயத் தழும்பு மேடாகத் தடித்து வளர்கிற உடம்புக்காரர்கள், ரேசரை மறந்துவிட்டு டிரிம்மருக்கு மாறிவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டி வந்துவிட்டதா? ஷேவிங்கை நிறுத்துங்கள். குறைந்தது நான்கு வாரம். டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். உள்ளே மாட்டிய முடியை ஊக்காலோ ட்வீசராலோ நோண்ட வேண்டாம். நம் நிறத் தோலில் நோண்டிய இடமெல்லாம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும்.

இப்போது அந்த ட்யூபுக்கு வருகிறேன். வாங்கிப் பார்த்தேன். நினைத்தபடியே ஸ்டீராய்டு, கூடவே ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து. எது இருந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும் என்ற கணக்கில் செய்த கலவை. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கும், அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்த நாளம் கோடு கோடாகத் தெரியும், நிஜமாகவே பரு வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாகப் பொங்கும், திரும்பவும் ட்யூபைத் தேடி ஓடுவீர்கள். தோலில் தடவும் ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு மருந்துச்சீட்டு கட்டாயம் என்று மத்திய அரசு 2018-ல் 14 மருந்துகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் கொடுக்கும் கடைக்காரரிடம் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட, "முகத்துக்குத்தானே, என்ன ஆகிவிடும்" என்று கேட்டு வாங்குகிறவர்களிடம்தான் அதிகம்.

சலூனுக்குப் போகிறவர்கள் புதுப் பிளேடா என்று கேட்கப் பழகிவிட்டீர்கள், சந்தோஷம். கடைசியில் முகத்தில் தேய்க்கிறாரே, அந்தப் படிகாரக் கட்டி? காலையிலிருந்து எத்தனை பேர் ரத்தம் கசிந்த தாடையில் அது உருண்டது? ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி ஆறவில்லை, சீழ் பரவுகிறது, வலியோடு வீங்குகிறது என்றால் தோல் மருத்துவரிடம் வாருங்கள். அப்பாக்களும் கூட வரலாம். வரும்போது ரேசரையும், இதுவரை தடவிய எல்லா ட்யூபையும் எடுத்து வாருங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகிறோமே என்று அன்று காலையில் மட்டும் பளிச்சென்று ஷேவ் செய்துகொண்டு வந்துவிடாதீர்கள். எங்களுக்குப் பார்க்க வேண்டியதே அந்த முடிதான்.